சவுக்கு முட்டும் ஆய்லர் கணக்கும்

மாடிக்குக் கான்கிரீட் போடும் நாளில் ஏதாவது ஒரு கட்டுமான இடத்துக்குப் போய், கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். சின்னத் தோப்பு மாதிரி இருக்கும். வரிசை வரிசையாகச் சவுக்குக் கம்புகள். சென்டரிங் பலகையைத் தாங்கி நிற்கும் இந்தக் கம்புகளுக்கு முட்டு என்று பெயர். ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு 5 அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட்டால், கம்பியோடு சேர்த்து ஏறக்குறைய 30 டன் எடை. அது இறுகித் தன்னைத் தானே தாங்கிக்கொள்கிற வரைக்கும் இந்த முட்டுகள்தான் கதி.

சில முட்டு நேராக இருக்கும். சிலது கோணல். உயரம் பத்தாத இடத்தில் இரண்டு கம்பை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு ரீப்பரை ஆணியடித்து ஒட்டுப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகும்போது, சென்டரிங் சரிந்து தொழிலாளர்கள் இடிபாட்டில் சிக்கினர் என்று செய்தி வரும். கம்பு பாரம் தாங்காமல் முறிந்துவிட்டது என்று நாமும் பேசிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

உண்மையில் உயரமான முட்டு எடுத்த எடுப்பிலேயே முறிவதில்லை. முதலில் பக்கவாட்டில் வில் மாதிரி வளைகிறது. அப்புறம்தான் முறிகிறது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் நிற்பது இதுதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவுங்கள். சீரான கனமுள்ள பகுதியாகப் பார்த்து ஒரு சாண் நீளம் எடுத்து, மேசை மேல் நிறுத்தி, விரல் நுனியால் மேலிருந்து அழுத்துங்கள். லேசாக அழுத்தினாலே வளைந்துவிடும். இப்போது அதைப் பாதியாக ஒடித்து, ஒரு துண்டை மட்டும் நிறுத்தி அழுத்துங்கள். அதே குச்சிதான், அதே கனம்தான். ஆனால் இந்த முறை வளைக்க நல்ல பலம் தேவைப்படும். இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய நாலு மடங்கு.

ஏன் நாலு மடங்கு என்பதற்குக் கணக்குச் சொன்னவர், இற்றைக்கு 280 வருஷத்துக்கு முன்னால் பெர்லினில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். அப்போதே அவருக்கு ஒரு கண் பார்வை போயிருந்தது. பெயர் லியோனார்டு ஆய்லர்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

ஆய்லர் ஜெர்மானியர் அல்ல. 1707 ஏப்ரல் 15-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தவர். அப்பா புராட்டஸ்டன்ட் பாதிரியார். பக்கத்து ஊரான ரீஹெனில் வளர்ந்தார். மகனும் தன்னைப் போலவே சமயப் பணிக்குப் போகவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையன் 13 வயதிலேயே பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கே அன்றைய ஐரோப்பாவின் பெரிய கணிதப் புலி யோஹான் பெர்னூலி இருந்தார். தனியாகப் பாடம் எடுக்க அவருக்கு நேரமில்லை. புத்தகங்களைச் சொல்லி, தானே படிக்கச் சொல்லி, புரியாததை வார இறுதியில் வந்து கேட்கச் சொன்னார். வாரம் முழுக்க முட்டிமோதிவிட்டு, தன்னால் முடியாத சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவது பையனுக்குப் பழக்கமாயிற்று. கடைசியில் அப்பாவிடம் பேசி, பிள்ளையைக் கணிதத்துக்கே விடச் சொன்னவரும் பெர்னூலிதான்.

சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. பாசலில் இயற்பியல் பேராசிரியர் இடத்துக்கு விண்ணப்பித்துப் பார்த்தார், நடக்கவில்லை. 1727-ல், 20 வயதில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமிக்குக் கிளம்பினார். அங்கே யோஹானின் மகன் டேனியல் பெர்னூலி ஏற்கெனவே இருந்தார். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். 1734 ஜனவரியில் ஆய்லருக்கும் கத்தரீனாவுக்கும் திருமணம். பெண்ணின் தந்தையும் சுவிஸ்காரர், ஓவியர். பிறந்த 13 பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் 5 பேர்தான். கடும் காய்ச்சலில் விழுந்து எழுந்த சில வருஷங்களில், 1738 வாக்கில், வலது கண் பார்வை போயிற்று.

ரஷ்ய அரசியலும் அப்போது நிலையாக இல்லை. பிரஷ்யாவில் புதிதாகப் பட்டத்துக்கு வந்த இரண்டாம் பிரெடரிக், பெர்லின் அகாடமியைத் தூக்கி நிறுத்த அறிஞர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தது. 1741 கோடையில் குடும்பத்தோடு பெர்லின் வந்து சேர்ந்தார் ஆய்லர். 34 வயது. அடுத்த 25 வருஷம் அங்கேதான். நகரின் நடுவே பேரன்ஷ்ட்ராஸ என்ற தெருவில் அவர் குடியிருந்த இடத்தில் இன்றும் நினைவுப் பலகை இருக்கிறது.

வளைகிற கம்பி என்ன வடிவம் எடுக்கும்?

கம்பியின் கதை ஆய்லருக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒரு சுருள்வில்லில் எவ்வளவு எடை தொங்கவிடுகிறோமோ, அந்த அளவுக்கு அது நீளும் என்று இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1678-ல் அச்சிட்டுச் சொல்லியிருந்தார். எடையை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். இதைத்தான் மீட்சித்தன்மை என்று பள்ளியில் படித்தோம். நெதர்லாந்தின் முஷன்புரூக் என்பவர் மரக்குச்சிகளை நிறுத்தி வைத்து எடை ஏற்றி, நீளம் கூடக்கூடத் தாங்கும் எடை நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்று 1729-ல் சோதனையாகவே காட்டியிருந்தார். ஆனால் ஏன் அப்படி என்று அவரிடம் பதில் இல்லை.

இன்னொரு பக்கம், ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை இரண்டு கையால் பிடித்து வளைத்தால் அது சரியாக என்ன வளைவு எடுக்கும் என்ற கேள்வி பெர்னூலி குடும்பத்தின் சொத்து மாதிரி இருந்தது. யோஹானின் அண்ணன் யாக்கோப் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1742-ல் டேனியல் தன் நண்பர் ஆய்லருக்குக் கடிதம் எழுதி ஒரு வழி சொன்னார். வளைகிற கம்பி தனக்குள் ஒரு ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. சாத்தியமான எல்லா வடிவங்களிலும், அந்த ஆற்றல் எதில் மிகக் குறைவோ அந்த வடிவத்தைத்தான் அது எடுக்கும். அந்த வழியில் கணக்குப் போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

ஆய்லர் போட்டார். 1744-ல் வெளியான அவருடைய பெரிய கணித நூலின் பின்னிணைப்பாக அது வந்தது. ஒரு கம்பி எடுக்கக்கூடிய வளைவுகள் மொத்தம் 9 வகை என்று பிரித்துக் காட்டினார். நடுவில் லேசாகக் குனிவதில் இருந்து, தன்மேலேயே சுற்றிக்கொண்டு கண்ணி போடுவது வரை எல்லாம் அதில் உண்டு.

அந்தக் கணக்கில் ஒரு முக்கியமான அளவு வருகிறது. ஒரு கம்பி வளைய எவ்வளவு மறுக்கிறது என்பதன் அளவு அது. ஆய்லர் அதை முழு மீட்சி என்ற பொருளில் அழைத்தார். நாம் விறைப்பு என்று சொல்லலாம். இந்த விறைப்பு இரண்டு விஷயங்களைச் சார்ந்தது. ஒன்று, பொருள் என்ன என்பது: மரமா, இரும்பா, பித்தளையா? இரண்டு, குறுக்குவெட்டு எப்படி என்பது: எவ்வளவு அகலம், எவ்வளவு கனம்?

இந்த இடத்தில் ஆய்லர் ஒரு தப்பும் செய்தார். செவ்வக வடிவப் பட்டையின் விறைப்பு, கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று எழுதிவிட்டார். சரியானது மும்மடி. கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 4 மடங்கு இல்லை, 8 மடங்கு ஆகும். மேதைகளும் சறுக்குவார்கள் என்பதைவிட இதில் கவனிக்கவேண்டியது வேறு. வெவ்வேறு பொருள்களின் விறைப்பைச் சோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கான வழியையும் அதே நூலில் கொடுத்திருக்கிறார். கம்பியின் ஒரு முனையைச் சுவரில் பதியுங்கள், மறுமுனையில் எடையைத் தொங்கவிடுங்கள், முனை எவ்வளவு தாழ்கிறது என்று அளவெடுங்கள். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் நம்ம பிள்ளைகள் இன்றைக்கும் செய்கிற சோதனையின் சாரம் இதுதான். பொருளுக்கு உரிய அந்த எண்ணுக்குப் பிற்காலத்தில் இங்கிலாந்தின் தாமஸ் யங் பெயர் நிலைத்துவிட்டது. யங் குணகம் என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான்.

நிற்கும் தூண் எப்போது சாய்கிறது?

1757-ம் ஆண்டுக்கான பெர்லின் அகாடமித் தொகுப்பில் தூண்களின் பலம் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார் ஆய்லர். அதில் அவர் சொன்னது அன்று பலருக்கு விசித்திரமாக இருந்திருக்கும்.

நேராக நிற்கும் ஒல்லியான தூணின் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றுகிறோம். எடை ஏற ஏற அதற்கேற்பத் தூணும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட எடை வரைக்கும் அது வளையவே வளையாது. லேசாகத் தட்டினாலும் நேராகத் திரும்பி நிற்கும். அந்த எல்லையைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடிவிடும். அதுவரை எந்த எச்சரிக்கையும் இருக்காது.

அந்த எல்லை எடை எவ்வளவு என்பதற்கு அவர் கொடுத்த விடையில் மூன்றே விஷயங்கள்தான் உண்டு. பொருளின் மீட்சிக் குணகம், குறுக்குவெட்டின் வடிவம், தூணின் நீளம். முதல் இரண்டும் கூடினால் எல்லை கூடும். நீளம் இரட்டிப்பானால் எல்லை கால் பங்காகிவிடும். ஈர்க்குச்சி சொன்ன அதே கதைதான்.

அந்த விடையில் ஒன்று இல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பொருளின் வலிமை. அதாவது, எவ்வளவு அழுத்தினால் பொருள் நொறுங்கும் என்பது இந்தக் கணக்கில் வராது. ஒல்லியான தூண் வலிமை போதாமல் விழுவதில்லை, விறைப்பு போதாமல் விழுகிறது. வலிமை வேறு, விறைப்பு வேறு. இதைப் பிரித்துக் காட்டியதுதான் ஆய்லர் நமக்கு விட்டுப்போன பெரிய சொத்து.

ராஜாவுக்கும் கணக்கருக்கும் ஒத்துவரவில்லை

இப்படிப்பட்ட ஆளைப் பெர்லின் அரண்மனை கொண்டாடியிருக்கும் என்று நினைப்போம். அதுதான் இல்லை. பிரெடரிக் ராஜாவுக்கு பிரெஞ்சு இலக்கியம், புல்லாங்குழல், சாதுரியமான பேச்சு இதெல்லாம்தான் பிடிக்கும். வால்டேர் மாதிரி ஆட்கள்தான் அவருடைய விருந்து மேசைக்கு ஏற்றவர்கள். ஆய்லர் பக்திமான், குடும்பஸ்தர், சபையில் சட்டென்று பேசத் தெரியாதவர். அவருடைய ஒற்றைக் கண்ணையும் ராஜா நையாண்டி செய்தார்.

வேலை மட்டும் குறையில்லாமல் வாங்கினார்கள். அகாடமியின் கணிதப் பிரிவுக்கு இயக்குநர். வான்கூடம், தாவரத் தோட்டம், பஞ்சாங்க விற்பனை எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. லாட்டரிச் சீட்டுக்குக் கணக்கு, ஃபீனோ கால்வாய்க்கு மட்டம் பார்ப்பது, பீரங்கிக் குண்டின் பாதை பற்றிய நூலுக்கு மொழிபெயர்ப்பும் விளக்கமும். இதற்கு நடுவில்தான் பெர்லினில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள்.

போட்ஸ்டாம் நகரில் ராஜா கட்டிய சான்சூசி அரண்மனையின் நீரூற்றுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆற்றுத் தண்ணீரைக் காற்றாலையால் குன்றின் மேல் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாயில் இறக்கி, தோட்டத்தில் உயரப் பீய்ச்ச வேண்டும் என்பது திட்டம். மரக் குழாய்களைப் போட்டார்கள். தண்ணீரின் அழுத்தத்தில் அவை வெடித்தன. 1749-ல் ஆய்லரிடம் கேட்டபோது அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த அழுத்தத்துக்கு மரம் தாங்காது, உலோகக் குழாய் வேண்டும், அதன் கனத்தைச் சோதனை செய்து முடிவு செய்ய வேண்டும் என்று தெரிவித்தார். செலவுக்குப் பயந்தோ அவசரத்திலோ அந்த யோசனை எடுபடவில்லை. நீரூற்று ராஜாவின் காலத்தில் ஒழுங்காக ஓடவே இல்லை. 1842-ல் நீராவி இயந்திரம் வந்த பிறகுதான் தண்ணீர் உயர எழும்பியது.

பழி யார் மேல்? ஆய்லர் பெர்லினை விட்டுப் போய்ப் பல வருஷம் கழித்து, 1778-ல், வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் ராஜா அவருடைய கணக்கைத்தான் கிண்டல் செய்தார். புத்தகக் கணிதம் நடைமுறைக்கு உதவாது என்பதற்கு உதாரணமாக இந்தக் கதை இரண்டு நூற்றாண்டு சுற்றி வந்தது. எச்சரித்தவர் பேச்சைக் கேட்காமல் விட்டுவிட்டு, கவிழ்ந்த பிறகு அவர் கணக்கையே குறை சொல்வது நம்ம ஊர்க் கட்டுமான இடங்களிலும் பார்க்காத ஒன்றா என்ன?

1753-ல் பெர்லினை அடுத்த ஷார்லோட்டன்பர்க்கில் ஒரு பண்ணை வாங்கினார் ஆய்லர். 1760-ல், ஏழாண்டுப் போரின்போது, ரஷ்யப் படை அதைச் சூறையாடியது. பண்ணை யாருடையது என்று தெரிந்ததும் ரஷ்யத் தளபதி நஷ்ட ஈடு கொடுத்தார். பேரரசி எலிசபெத் தன் பங்குக்கும் ஒரு தொகை அனுப்பினார். அவருடைய அருமை எதிரி நாட்டு அரசிக்குத் தெரிந்திருந்தது!

1759-ல் அகாடமித் தலைவர் மோப்பெர்துயி இறந்தார். வேலையெல்லாம் ஆய்லர்தான் பார்த்தார், பதவி மட்டும் கிடைக்கவில்லை. ராஜா பாரிஸின் தலம்பேரை அழைத்தார். அவரோ வர மறுத்ததோடு, ஆய்லர்தான் தகுதியானவர் என்று எடுத்துச் சொன்னார். அப்போதும் ராஜா அசையவில்லை. பலமுறை கேட்டு, ஒருவழியாக அனுமதி வாங்கி, 1766-ல் பெர்லினை விட்டு மறுபடியும் பீட்டர்ஸ்பர்குக்குப் போனார் ஆய்லர். வயது 59.

இருட்டில் போட்ட கணக்கு

ரஷ்யா போன சில காலத்திலேயே மிச்சமிருந்த இடது கண்ணும் கண்புரையால் மங்கியது. 1771-ல் நகரில் பெரும் தீ. வீடு எரிந்தது. பாசலைச் சேர்ந்த ஒரு கைவினைஞர் உள்ளே புகுந்து அவரைத் தூக்கிவந்து காப்பாற்றினார். அதே வருஷம் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாள் பார்வை திரும்பியது, பிறகு கிருமித் தொற்றில் அதுவும் போயிற்று. 1773-ல் மனைவி கத்தரீனா இறந்தார்.

பார்வை போன பிறகு ஆய்லர் ஓய்ந்துவிடவில்லை. மகன்களும் மாணவர்களும் எழுத, அவர் சொல்லச் சொல்லக் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. நீண்ட கணக்குகளை மனதிலேயே போடும் நினைவாற்றல் அவருக்கு. தூணையும் அவர் மறக்கவில்லை. 1778 வாக்கில், தலையில் எடை எதுவும் இல்லாமல் தன் சொந்தப் பாரத்தாலேயே ஒரு தூண் சாயுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். எவ்வளவு உயரமாகப் போனால் ஒரு பனைமரம் தன்னைத்தானே தாங்க முடியாமல் போகும் என்று கேட்பது மாதிரியான கேள்வி அது.

1783 செப்டம்பர் 18. பகலில், அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளையோடு விளையாடினார். அன்றே மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 76.

தூங்கிக் கிடந்த கணக்கு

அவருடைய தூண் கணக்கை அன்றைய கட்டடக்காரர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அன்றைய தூண்கள் கல்லால் ஆனவை, பருமனானவை. மதுரைக் கோயில் மண்டபத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். அது வளைந்து விழவேண்டிய அவசியமே இல்லை. வளையும் எல்லை வருவதற்கு வெகு முன்னாலேயே கல் நொறுங்கிவிடும். ஒல்லியாகவும் உயரமாகவும் கட்ட இரும்பு வந்த பிறகுதான் அந்தக் கணக்குக்கு உயிர் வந்தது. ரயில் பாலம், தொழிற்சாலைக் கூரை என்று 19-ம் நூற்றாண்டு முழுக்க ஒல்லி இரும்புக் கம்பங்கள் எழுந்தன.

பாடம் சும்மா கிடைக்கவில்லை. 1891 ஜூன் 14-ல், ஆய்லர் பிறந்த பாசலுக்குப் பக்கத்திலேயே, மூன்ஷென்ஸ்டைன் என்ற இடத்தில் கூட்டம் நிறைந்த ரயிலோடு ஒரு இரும்புப் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது. 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஈபிள் கோபுரம் கட்டிய அதே ஈபிளின் நிறுவனம் கட்டிய பாலம். சூரிக்கைச் சேர்ந்த லுட்விக் டெட்மாயர் விசாரணையில் பங்கேற்றார். மிக ஒல்லியான கம்பங்களுக்கு ஆய்லர் கணக்கு அப்படியே பொருந்தும், நடுத்தரக் கம்பங்களுக்கு அதை அப்படியே நம்பினால் ஆபத்து என்று ஏராளமான சோதனைகளால் காட்டினார். கம்பிக்குள் அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் அதன் மீட்சிக் குணகமே இறங்கிவிடுகிறது என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் பிரீட்ரிக் எங்கெஸர் 1889-லேயே சொல்லியிருந்தார். அப்படியும் 1907-ல் கனடாவின் கியூபெக் பாலம் கட்டும்போதே சரிந்தது. அழுத்தத்தைத் தாங்கவேண்டிய கீழ்ப்பகுதி உறுப்புகள் வளைந்துவிட்டன. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இன்று நம் நாட்டின் எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பு ஒரு தூணுக்கு எவ்வளவு பாரம் என்று சொல்லும்போதும், முதலில் ஆய்லரின் எல்லையைக் கணக்கிட்டு, பிறகுதான் இந்தத் திருத்தங்களுக்கு வருகிறது.

நம்ம முட்டுக்கு என்ன சொல்கிறது?

கணக்கு தெரிந்தவர்கள் கையில் அது பாலம் ஆயிற்று. தெரியாதவர்கள் தலையில்தான் இன்னும் சென்டரிங் விழுந்துகொண்டிருக்கிறது. அதனால் ஆய்லர் சொன்னதை மேஸ்திரி பாஷையில் சொல்லிப் பார்ப்போம்.

10 அடி முட்டுக்கு நடுவில், அதாவது 5 அடி உயரத்தில், நெட்டுக்கும் குறுக்குக்கும் இரண்டு பக்கமும் கம்பு வைத்து அசையாமல் கட்டிவிட்டால், வளையும் கணக்கில் அது 5 அடி முட்டாகிவிடும். அதே கம்பு நாலு மடங்கு பாரம் வரை வளையாமல் நிற்கும். செலவு கொஞ்சம் கயிறு, கொஞ்சம் கம்பு, ஒரு மணி நேர வேலை. அதை மிச்சம் பிடிக்கத்தான் நாம் ஆளைப் பலி கொடுக்கிறோம்.

உருண்டைக் கம்புக்குப் பருமன் இன்னும் முக்கியம். விறைப்பு விட்டத்தின் நான்மடிக்கு ஏற்பக் கூடும். 3 அங்குலக் கம்புக்கும் 4 அங்குலக் கம்புக்கும் பார்வைக்கு ஒரு அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் விறைப்பில் 3 மடங்குக்கும் மேல். ஒட்டுப் போட்ட இடத்தில் அந்த விறைப்பு அறுந்துவிடுகிறது. ஆணிகள்தான் அங்கே தாங்குகின்றன. கோணல் கம்போ, வளைவதற்கு முதல் அடியை ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டது.

பொருளும் முக்கியம். எஃகின் மீட்சிக் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2 லட்சம் நியூட்டன். அலுமினியம் 70 ஆயிரம். மரம் வகையைப் பொறுத்து 10 ஆயிரத்தை ஒட்டி. சவுக்கை எடுத்துவிட்டு எஃகுக் குழாய் முட்டு வைக்கச் சொல்வது பகட்டுக்காக இல்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் 500 கிரேடு கம்பிக்குப் பதில் 550 கிரேடு வாங்கினால் தளம் தொய்யாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. கிரேடு என்பது வலிமையின் எண். விறைப்பின் எண் இல்லை. இரண்டு கம்பிக்கும் மீட்சிக் குணகம் ஒன்றேதான். தளம் தொய்வதைக் குறைக்க வேண்டுமானால் கனத்தையும் தூண்களுக்கு இடையிலான தூரத்தையும்தான் பார்க்க வேண்டும். ஒரு உத்திரத்தின் நடுவில் அதே எடையை வைத்து, அதன் நீளத்தை மட்டும் 10 அடியில் இருந்து 20 அடி ஆக்கினால் தொய்வு 8 மடங்காகும். எந்த கிரேடு கம்பியும் அதை மாற்றாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் சென்டரிங் முட்டுகளுக்கென்றே 1999-ல் தனி வழிகாட்டி போட்டிருக்கிறது. பெரிய மேம்பாலப் பணிகளுக்கு இதெல்லாம் வரைபடமாகிக் கையெழுத்தாகிறது. நம் தெரு வீட்டுக்கு? வீட்டுத் தளத்துக்கு வரைபடம் உண்டு, தூணுக்கு வரைபடம் உண்டு. அந்தத் தளத்தைத் தூக்கிப் பிடிக்கும் முட்டுக்கு மட்டும் கண்மதிப்புதான். எத்தனை கம்பு, எவ்வளவு இடைவெளி, எங்கே குறுக்குக் கட்டு என்று ஒரு பக்கத்தில் வரைந்து, கான்கிரீட் போடும் முன் ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்று திட்ட அனுமதியிலேயே சேர்த்தால் என்ன? பெரிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு தாள் போதும்.

ஆய்லர் தன் கணக்கைப் போட்டபோது அதனால் யாருக்கும் உடனடி லாபம் இல்லை. ராஜாவுக்கு அதில் சுவாரஸ்யமும் இல்லை. நூறு வருஷத்துக்கும் மேல் காகிதத்தில் தூங்கியது. அப்புறம் விழித்துக்கொண்டு, அதை மதிக்காத இடங்களில் எல்லாம் உயிர்களைக் கேட்டது. 280 வருஷம் ஆகியும் அதைப் படிக்க நமக்கு இன்னும் நேரம் வரவில்லை என்றால், குறை கணக்கில் இல்லை.

அடுத்த தடவை கான்கிரீட் போடும் இடத்தைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று, அந்தச் சவுக்குத் தோப்பின் நடுவே குறுக்குக் கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், மேலே பாண்டு தூக்கும் அந்த அம்மாவுக்காக மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.